உடைந்த பம்ப்

“பனி இழுவை வண்டி படுத்துடுச்சு தலைவரே. இன்ஜினோட தண்ணி பம்ப் தூள் தூளாயிடுச்சு” என்று பனிவெளி முகாமிலிருந்து மெக்கானிக் ரோதியோன் ரேடியோவில் அலுப்போடு சொன்னான். ராணுவம் கழித்துப்போட்ட கிழட்டு வண்டி அது.

“அடப்பாவி! அது நின்னா குழாய் பதிக்கிற வேலையே நின்னுடுமே! இப்பவே ஹெலிகாப்டர் அனுப்பறேன்.”

மதியமே ஹெலிகாப்டர் வந்தது. விமானி புதுப் பம்பை இறக்கியதும், வயிற்றுவலியில் துவண்டு கிடந்த சமையல்காரி க்ளாஃபிராவை நாலு பேர் தூக்கி வந்து உள்ளே கிடத்தினார்கள்.

“ஏம்ப்பா, இந்தம்மாவைப் பத்தி யாரும் சொல்லலையே?” என்று விமானி கேட்டான்.

“தினம் சொன்னோம். ஒரு ஆளுக்காகவெல்லாம் ஹெலிகாப்டர் வராதாம்.”

ஹெலிகாப்டர் கிளம்பியது. பம்பை மாட்டக் குனிந்த ரோதியோன், பழையதை உடைத்த சம்மட்டியைக் கைக்கு எட்டுகிற இடத்திலேயே வைத்துக்கொண்டான்.