பக்கத்து சீட்

“யாராவது வந்து உட்கார்ந்துட்டா படமே போச்சு,” என்று முணுமுணுத்துவிட்டு, டைரக்டர் ஷிஹோ ரயில் பெட்டியின் கதவோரம் போய் நின்றுகொண்டாள். எதிர் சீட்டிலிருந்து காமிராக்காரர் நொபே, ரென்டாரோவையும் அவனுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தையும் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

ரென்டாரோ யோகோஹாமாவில் பிறந்து வளர்ந்தவன். அம்மா ஜப்பான்காரி, அப்பா செனகல்காரர். நிறமும் சுருட்டை முடியும் அப்பாவுடையவை. தன்னைப் போல இரண்டு தேசத்துக்குப் பிறந்தவர்களைப் பற்றிய ஆவணப்படம் என்றதும் ஒப்புக்கொண்டுவிட்டான். எவ்வளவு கூட்டமானாலும் ரயிலில் அவன் பக்கத்து சீட்டில் யாரும் உட்காருவதில்லை; அதைத்தான் இன்று படம் பிடிக்கிறார்கள். ஆனால் இன்று ஒரு நாளாவது யாராவது பக்கத்தில் உட்கார்ந்து இந்தப் படம் கெட்டுப்போகாதா என்று உள்ளுக்குள் ஏங்கினான். அதை யாரிடம் சொல்வது?

பக்கத்தில் ஆளை உட்காரவைக்கும் வித்தையெல்லாம் அவனுக்கு அத்துப்படி. பையை மடியில் அணைத்துக்கொண்டு, தோளைக் குறுக்கி, தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொள்வான். தூங்குகிறவன் பக்கத்தில் உட்காரச் சிலருக்குத் தைரியம் வரும்.

அன்று யாருக்கும் வரவில்லை. பெட்டியில் கூட்டம் நெருக்கியடித்தது. கைத்தடி ஊன்றிய பெரியவர் ஒருவர் கிட்டே வந்தபோது ரென்டாரோ அரைக்கண்ணால் பார்த்தபடி இன்னும் ஒடுங்கிக்கொண்டான். அவர் இவன் முகத்தைப் பார்த்தார், மரியாதையாகத் தலை குனிந்தார், நகர்ந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

“போதும், அருமையா வந்திருக்கு,” என்று நொபே காமிராவை அணைத்துப் பையில் போட்டார்.

ஷிஹோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கண் கலங்கியிருந்தது.

“எங்க ஜனங்களை நினைச்சா எனக்கே வெட்கமா இருக்கு,” என்றாள்.

காலையிலிருந்தே புது ஷூ கடிக்கிறது என்று புலம்பிக்கொண்டிருந்தவள், இப்போதும் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். அவர்கள் இறங்க வேண்டிய கடைசி ஸ்டேஷனுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. படம் வெளிவந்தால் ஒவ்வொருத்தருக்கும் உறைக்கும் என்று மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போனாள்.

ரென்டாரோ கேட்டுக்கொண்டிருந்தான். இத்தனை பேர் நடுவில் தனியாக இருப்பது அவனுக்குப் பழகிப்போன ஒன்றுதான். பையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மெல்லச் சொன்னான்:

“ஷூட்டிங்தான் முடிஞ்சிருச்சே டைரக்டர், இப்ப நீங்க உட்காரலாமே.”