ஏற்கெனவே இருந்த ஓட்டை

ஒரு நாவல் மரத்தில் கீழ்ப்பொந்தில் அணிலும் மேல்பொந்தில் மைனாவும் குடியிருந்தன. புயலில் வீடு போனால் வேறு வீடு தருவது தன் பொறுப்பு என்று சொல்லி, மேட்டில் வசித்த பெருச்சாளி அறுவடைதோறும் இரண்டிடமும் தானியம் வாங்கித் தின்றது. தொந்தி வளர்ந்தது, வளையும் வளர்ந்தது.

ஒரு ஐப்பசிப் புயலில் மரம் இரண்டாகப் பிளந்தது.

பெருச்சாளி சாவகாசமாக வந்து மரத்தை முகர்ந்து பார்த்தது. "இது புயலால வந்த சேதம் இல்லையே அம்மா. மரத்துல ஏற்கெனவே ஓட்டை இருந்திருக்கு" என்றது.

அணிலுக்கு வால் சிலிர்த்தது. "அந்த ஓட்டைதானே ஐயா என் வீடு! தானியம் வாங்க வரும்போதெல்லாம் அதோட வாசல்லதானே நின்னீங்க!"

பெருச்சாளி அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மைனா பக்கம் திரும்பியது. "கீழ ஓட்டை இருந்ததாலதான் மேல உன் வீடு போச்சு. நஷ்டத்தை அணில்கிட்ட கேளு" என்று சொல்லிவிட்டு, அடுத்த மரத்தில் தானியம் வசூலிக்கப் போய்விட்டது.

மைனா அணிலை முறைத்தது.

"என்னை அப்புறம் முறைக்கலாம் மைனாக்கா. இப்போ என்கூட வாங்க" என்றது அணில்.

சாயங்காலம் பெருச்சாளி திரும்பி வந்தபோது, வளை வாசலில் அணில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. உள்ளே மைனா தானியம் கொத்திக்கொண்டிருந்தது.

"ஐயோ, என் வீடு!" என்று அலறியது பெருச்சாளி.

அணில் சாவகாசமாக எழுந்து வாசலை முகர்ந்து பார்த்தது.

"வீடா? இங்க வெறும் ஓட்டைதான் இருக்கு ஐயா. அதுவும் நாங்க வர்றதுக்கு முன்னாலேயே இருந்திருக்கு."