கண் மூடிய கருடன்

அந்தப் பறவையின் கழுத்து வெள்ளையா, சாம்பல் நிறமா என்று இப்போது அடித்துச் சொல்ல முடியவில்லை. பாம்பு பச்சை. அது நிச்சயம்.

தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்லும் டாக்டரம்மா, எங்கள் இரண்டு நீர்வண்ணப் படங்களையும் மேசைமேல் விரித்தார். மனதில் இருப்பதை ஆளுக்கொன்றாக வரைந்து வரச் சொன்னவர் அவர்தான். இதுவும் சரிப்படவில்லை என்றால் பிரிந்துவிடலாம் என்று என் மனைவி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லியிருந்தாள்.

முதலில் அவள் பெயர் எழுதிய படம். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை.

"மேடம் மனசு கண்ணாடி மாதிரி. ஒரு சிக்கலும் இல்ல."

படம் ஓரமாகப் போயிற்று.

பிறகு என் பெயர் எழுதிய படம். டாக்டரம்மா அதைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"சார், மரத்தடியில பாம்பு. நம்ம கதைகள்ல நாகம் எதுக்கு வரும்? புதையலைக் காக்க. நீங்க எதையோ மண்ணுக்குள்ள புதைச்சுட்டு, அது மேலயே சுருண்டு படுத்திருக்கீங்க."

தலையாட்டினேன். வேறென்ன செய்வது.

உச்சிக்கிளையில் இருப்பது கருடன் என்றார். பாம்புக்கும் கருடனுக்கும் ஜென்மப் பகை. இங்கே இரண்டும் ஒரே மரத்தில் குடித்தனம் நடத்துகின்றன. சிறகு விரிந்திருக்கிறது, நகங்களோ கிளையை விடவில்லை. குளத்தில் நிலா கலைந்து கிடக்கிறது, வானத்தில் நிலாவே இல்லை.

இத்தனை ஆழமான ஆள் நான் என்று எனக்கே தெரியாது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"கருடன் ஏன் சார் கண்ணை மூடியிருக்கு?"

"ராத்திரி இல்லையா டாக்டர். தூங்குது."

"சிறகை விரிச்சுக்கிட்டா?"

என் மனைவிக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்த பிறகும் கண்ணில் நீர் நிற்கவில்லை. டாக்டரம்மா அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"பாருங்க சார், உங்க வலிக்கு இவங்க அழறாங்க."

பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"தினமும் ஒரு மணி நேரம் சாரைத் தனியா விடுங்க. ஒரு ரூம், மூடின கதவு. யாரும் தட்டக் கூடாது. உனக்கு என்ன வேணும்னு இவரை ஒருத்தரும் கேட்டதே இல்ல மேடம். படம் முழுக்க அதுதான் இருக்கு."

"சரிங்க" என்றாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

படியிறங்கித் தெருவுக்கு வந்தோம்.

முந்தின நாள் மாலை, டிவியில் செய்தி பார்த்துக்கொண்டே, "எனக்கும் சேர்த்து ஒண்ணு வரைஞ்சுடேன், எனக்குக் கோடே நேரா வராது" என்று தூரிகையை அவளிடம் நீட்டியவன் நான். அதற்கே அவளுக்கு நேரமெல்லாம் போயிற்று. தன்னுடையதை, அடுப்பில் பால் பொங்குவதற்குள் போட்டு முடித்தாள்.

தெருமுனையில்தான் எனக்கு வாய் வந்தது.

"அந்தப் பாம்பு... நானா?"

"அதையும் நானே சொல்லணுமா?"

டாக்டரம்மா வேறு ஊருக்குப் போய்விட்டார். நாங்கள் பிரியவில்லை. தினமும் மாலையில் ஒரு மணி நேரம் அறைக்கதவு மூடியிருக்கிறது. உள்ளே அவள் இருக்கிறாள். வெளியே நான், சமையலறையில், உப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.