கச்சான் நிற்கும் காணி

"பாருங்கோ ஐயா! எங்கட காணியில கச்சான் போட்டு, வேலி அடைச்சு, படலையும் வைச்சிருக்கிறார்."

அனுஷியா காட்டிய இடத்தைக் காணி உத்தியோகத்தர் பாக்கியரத்தினம் பார்த்தார். குறிஞ்சாக்கேணிக்கு அப்பால், அந்தப் பக்கத்தில் துப்புரவாக, நிலக்கடலைச் செடிகளோடு இருந்தது அது ஒன்றுதான்.

யுத்தத்தில் வெளியேறிய குடும்பம். இப்போது நகரத்தில், ஓர்ஸ் ஹில்லில் வாடகை வீடு. காணி உறுதிப் பத்திரம் வீட்டோடு எரிந்துபோனது. அப்பாவும் இல்லை. இதுவும் போனால் அனுஷியாவுக்கு வேறு நிலம் கிடையாது.

கச்சான் பிடுங்கிக்கொண்டிருந்த தாஹிர், கைமண்ணைத் தட்டியபடி வந்தார்.

"வல்லிபுரத்தண்ணன்ட மகளா? மூக்கு அப்பிடியே இரிக்கி. வாங்க தங்கச்சி."

"கதையை மாத்தாதேங்கோ. இது ஆற்ற காணி?"

"ஒங்கட அப்பாட காணி."

பெரிய சண்டைக்கு ஆயத்தமாக வந்திருந்த பாக்கியரத்தினம் நிமிர்ந்தார்.

"இதை எழுத்தில தருவீங்களோ?"

"கொண்டாங்க. எங்க ஒப்பம் வைக்க?"

அனுஷியா விடவில்லை. "அப்ப ஏன் இவ்வளவு காலமும் செய்து சாப்பிட்டனீங்கள்?"

"ஓம், சாப்பிட்டன். ஆனையும் வந்து சாப்பிட்டிச்சி. அதுக்கிட்டயும் கேளுங்க."

பாக்கியரத்தினம் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

"தங்கச்சி, வெட்டாம விட்டா ரெண்டு மாரியில பத்தை ஏறிடும். பொறகு வன இலாகாக் கந்தோரில இருந்து வந்து, இது காடு எண்டு எல்லைக்கல்லு நட்டிட்டுப் போயிடுவாங்க. ஒங்கட உறுதி எரிஞ்ச கதை ஊருக்கே தெரியும். எதக் காட்டிக் கேப்பீங்க? கச்சான் நிண்டாத்தான் தோட்டம் எண்டு சொல்லலாம்."

"கேக்க நல்லாத்தான் இருக்கு. அவ்வளவு அக்கறை எண்டால் உங்கட காணியில செய்திருக்கலாமே?"

"ஒரு ஆளால ரெண்டு காணி வெட்ட ஏலாது."

"உங்களுக்கும் காணி இருக்கோ? எங்க?"

தாஹிர் கையிலிருந்த கச்சான் கொடியால் வேலிக்கு அப்பால் காட்டினார். ஆள் நுழைய முடியாத முள்ளுப்பத்தை. அதன் விளிம்பில் வெள்ளை பூசிய எல்லைக்கல் ஒன்று நின்றது.

"எனக்குத்தான் உறுதி இரிக்கே, ஆரு எடுக்கப் போறான் எண்டு விட்டுட்டன்."