பார்சலா, அக்கா?

பழைய அஞ்சலட்டையொன்றில் இலண்டன் நகரத்துத் தேநீர்க்கூடம் அச்சாகியிருந்தது. தொப்பியணிந்த பெண்கள் ஆண்துணையின்றி அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருத்திகூட வாசலைப் பார்க்கவில்லை. அதையே நெடுநேரம் நோக்கியிருந்த வேதவல்லி, இன்று தானும் அவ்வாறு அமர்ந்தே தீர்வதென்று முடிவுசெய்து, பேருந்து நிலையத்து டீக்கடைக்குச் சென்றாள். ஆண்கள் நிறைந்திருந்த பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“பார்சலா, அக்கா?” என்றார் மாஸ்டர் பிச்சுமணி.

“இல்லண்ணே, கிளாஸ்ல குடுங்க. இங்கயே குடிக்கிறேன்.”

அருகிலிருந்தவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். “என்ன மாஸ்டர், பெஞ்சுல லேடீஸ் சீட்டுன்னு எழுதிப்புட்டீங்களா?”

பெஞ்சு முழுவதும் சிரித்தது.

“எழுதலண்ணே,” என்றாள் வேதவல்லி. “அதான் பொதுவுல உட்கார்ந்திருக்கேன்.”

சிரிப்பு நின்றது. ஆயினும் மாஸ்டரின் கை, பெண்ணுக்கென்றால் செய்யும் வழக்கப்படியே, தேநீரைப் பாலித்தீன் பையில் ஊற்றி, நூலைச் சுற்றி முடிந்து நீட்டிவிட்டது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் பையை வாங்கிக்கொண்டாள். கழுவிக் கவிழ்த்திருந்த கண்ணாடிக் கிளாஸொன்றைத் தானே எடுத்துவந்து, மீண்டும் அதே இடத்தில் அமர்ந்தாள். நூலைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து, ஒரு துளியும் சிந்தாமல் ஊற்றினாள். ஆவி பறந்தது. ஆற்றித் தருவதற்கு மாஸ்டர் கையை நீட்டினார்.

“வேண்டாம்ணே,” என்றாள். “அதுவா ஆறட்டும்.”