புதுத் தகடும் பெயிண்ட் தடமும்

சுவரில் மாட்டின காலண்டரைக் கழற்றினால் அங்கே வெளுக்காத தடம் ஒன்று தெரியுமே, பார்த்திருக்கிறீர்களா?

பழைய கார்களின் ஊர்வலத்துக்கு ஒரு கார் ஆசை ஆசையாய்க் கிளம்பியது. எண் பொறித்த தகடு கறுத்துப்போச்சே என்று, அதே எண்ணைப் போட்டுப் புதுப் பித்தளைத் தகடு ஒன்றை அதில் மாட்டியிருந்தார்கள். பழையது டூல்ஸ் பெட்டிக்குள் கிடந்தது.

பாகமெல்லாம் அசல்தானா என்று சோதிக்க வந்த பூதக்கண்ணாடி, புதுத் தகட்டைப் பார்த்து, "நீ இந்த வண்டியோடவே பிறந்தவளா?" என்று கேட்டது.

"பின்னே? முதல் நாள்லேர்ந்து இங்கதான் இருக்கேன்," என்றது புதுத் தகடு.

"அப்போ உன்னைச் சுத்தி ஒரு விரக்கடை அகலத்துக்குப் பெயிண்ட் ஏன் வெளுக்கல? உன்னைவிடப் பெரிய ஆளு இங்க உட்கார்ந்திருக்காங்க. அவங்க வராம இந்த வண்டியை ஊர்வலத்துல விடமாட்டேன்."

கார் ஊர்வல வரிசையை விட்டு மெல்லப் பின்னால் நகர்ந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் புதுத் தகடு பெட்டியைப் பார்த்து, "அக்கா!" என்று கூப்பிட்டது.

"நான் வரலடி. மூஞ்சியெல்லாம் கறுத்துக் கிடக்கு," என்றது பழைய தகடு.

"எனக்கு மூஞ்சி மட்டும்தான் இருக்கு. முதல் கேள்விக்கே முழிக்கிறேன். நீங்க வந்து உட்காருங்கக்கா, வண்டி கிளம்பட்டும்."