தம்பியின் நடை

நடன அமைப்பாளராக எனக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு நடைதான். இடது காலை இழுத்து, தோளைச் சரித்து நடப்பது. ‘சொந்தக் கற்பனை’ என்று எழுதி, என் பெயரில் காப்புரிமை பதிவு செய்திருந்தேன்.

நேற்று திருவான்மியூர் சிக்னல் கேமரா என் தம்பி மகிழனைப் பிடித்துவிட்டது. காப்புரிமை உள்ள நடையில் அனுமதியில்லாமல் நடந்தானாம். பத்து வயதில் லாரி ஏறிய கால்; அவனுக்கு வேறு நடை கிடையாது.

“இது என்கிட்டேர்ந்து எடுத்ததுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுக்கா,” என்றான்.

எழுதினால் என் பதிவு ரத்தாகிவிடும். அவனை ஒத்திகை அறைக்கு அழைத்துப்போனேன். “தோளைச் சாய்க்காம நட. பழகிடும்.”

மூன்றாவது அடியில் விழுந்தான். எப்போதும்போலப் பக்கவாட்டில் உருண்டு, முழங்கையை ஊன்றி எழுந்தான்.

அப்படி எழுவதும் என் பெயரில்தான் இருக்கிறது.